நெட்வொர்க் டிரைவ்ல ஃபோல்டர் போட்டா சிஸ்டம் கிராஷ் ஆகுதா? அறிகுறியை வச்சு சரி பண்ற வழி

"சார், இசட் டிரைவ்ல நியூ ஃபோல்டர் குடுத்தா சிஸ்டம் போயிடுது, மத்தபடி எல்லாம் நல்லாத்தான் ஓடுது." கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் போறவங்க எல்லாருக்கும் இந்த போன் கால் தெரிஞ்சிருக்கும். இசட் டிரைவ்னா சர்வர்ல இருக்கிற ஷேர் ஃபோல்டரை நம்ம சிஸ்டத்துல ஒரு டிரைவ் மாதிரி காட்டறது, அப்படி வைக்கிறதைத்தான் மேப் பண்றதுன்னு சொல்வாங்க. மாங்கூழ் ஃபேக்டரில சீசன் ஆரம்பிச்சா லாட்டுக்கு ஒரு ஃபோல்டர், பர்கூர் பக்கம் கிரானைட் ஆபீஸ்ல பிளாக்குக்கு ஒரு போட்டோ ஃபோல்டர், போட்டோ ஸ்டூடியோல கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டர்னு நாள் முழுக்க இதே வேலைதான், அதனால மத்த வேலைல தெரியாத கோளாறு கூட இங்கதான் முதல்ல கண்ணுல படும்.

இதுக்கு உடனே கிடைக்கிற பதில் "பார்மட் பண்ணிடலாம்"ங்கிறது. தயவு செஞ்சு அதுக்கு ஒத்துக்காதீங்க. பார்மட் பண்ணி அதே பழைய சாஃப்ட்வேர் எல்லாத்தையும் திரும்ப ஏத்துனா கோளாறும் கூடவே திரும்ப ஏறிக்கும், நடுவுல பில் போடற வேலை ஒரு நாள் நின்னு போகும், டெஸ்க்டாப்ல கிடந்த ஏதோ ஒரு முக்கியமான எக்செல் ஷீட்டும் போயிடும். பெரும்பாலும் குத்தம் விண்டோஸ் மேல இல்ல, அதுக்குள்ள வந்து ஒட்டிக்கிட்ட ஒரு சின்ன துண்டு மேலதான்.

முதல்ல நின்னது எதுன்னு பாருங்க

"சிஸ்டம் கிராஷ்"னு நாம ஒரே பேர்ல சொல்றது உண்மையில நாலு வேற வேற சங்கதி. ஃபோல்டர் ஜன்னல் மூடி டாஸ்க்பார் ஒரு செகண்ட் காணாம போய் திரும்ப வருதுன்னா செத்தது எக்ஸ்ப்ளோரர் (ஃபோல்டர் ஜன்னலையும் டாஸ்க்பாரையும் ஓட்டற விண்டோஸ் புரோகிராம்) மட்டும்தான். வட்டம் சுத்திக்கிட்டே "நாட் ரெஸ்பாண்டிங்"னு நிக்குதுன்னா அது கிராஷே இல்ல, எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கு. நீல ஸ்கிரீன் வருதுன்னா (புது விண்டோஸ் 11-ல அது கருப்பா வரும்) டிரைவர் (ஹார்ட்வேருக்கும் விண்டோஸுக்கும் நடுவுல ஆழத்துல ஓடற சாஃப்ட்வேர்) லெவல்ல அடி. ஸ்கிரீனே வராம பட்டுனு ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆகுதுன்னா கரண்டையும் சந்தேகப்படணும்.

அடுத்து ஒரு சின்ன டெஸ்ட், இதை மட்டும் விடவே விடாதீங்க. கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, இசட்-னு எழுத்தும் கோலனும் போட்டு அந்த டிரைவுக்கு போங்க, அங்க இங்கிலீஷ்ல எம் டி-ன்னு ரெண்டு எழுத்து, ஒரு ஸ்பேஸ், ஏதாவது ஒரு பேர், எண்டர். சாதாரணமா திறங்க, "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" வேண்டாம், ஏன்னா அட்மினா திறந்த ஜன்னலுக்கு நீங்க மேப் பண்ணி வச்ச டிரைவ் தெரியாது, டிரைவே இல்லன்னு சொல்லும், அதை பாத்து நெட்வொர்க் போச்சுன்னு கிளம்பிடுவாங்க நிறைய பேர்.

இந்த டெஸ்ட்ல ஃபோல்டர் அமைதியா உருவாச்சுன்னா நெட்வொர்க்கு, சர்வரு, பர்மிஷன் மூணும் சரியா இருக்கு, கோளாறு எக்ஸ்ப்ளோரருக்குள்ள இருக்கு. இதுலயும் மெஷின் விழுதுன்னா டிரைவர், ஆன்டிவைரஸ் பக்கம் போங்க. எரர் மெசேஜ் ஒண்ணு வந்து நிக்குதுன்னா அதுதான் உங்க பதில். அப்படியே சி டிரைவ்ல ஒரு ஃபோல்டர் போட்டு பாருங்க, பக்கத்து சிஸ்டத்துல இருந்து அதே இசட் டிரைவ்ல ஒண்ணு போட்டு பாருங்க. எல்லா சிஸ்டமும் ஒரே நேரத்துல தொங்குதுன்னா உங்க பிசியை கழட்டி பிரயோஜனம் இல்ல, சர்வரை பாக்கணும்.

ரைட் கிளிக் பண்ணதும் ஜன்னல் மூடிக்குது, டாஸ்க்பார் போய் போய் வருது

அதிகமா வர்றது இதுதான், அதனால இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ரைட் கிளிக் பண்ணும்போது வர்ற மெனு விண்டோஸோடது மட்டும் இல்ல. ஜிப் சாஃப்ட்வேர், பிடிஎஃப் சாஃப்ட்வேர், ஆன்டிவைரஸ், கிளவுட் சிங்க், டிசைன் சாஃப்ட்வேர்னு நீங்க இன்ஸ்டால் பண்ண ஒவ்வொண்ணும் அந்த மெனுவுல தன் பங்குக்கு ஒரு துண்டை சொருகி வச்சிருக்கும், அதுக்கு ஷெல் எக்ஸ்டென்ஷன்னு பேரு. இது தனியா ஓடாது, எக்ஸ்ப்ளோரர் வயித்துக்குள்ளயே ஓடும், அதனால அது விழுந்தா எக்ஸ்ப்ளோரரும் சேர்ந்து விழும். சி டிரைவ்ல சரியா ஓடற எக்ஸ்டென்ஷன் கூட நெட்வொர்க் பாதையை பாத்தா தடுமாறும், பதில் லேட்டா வர்றதை எழுதினவங்க யோசிச்சிருக்க மாட்டாங்க.

உறுதி பண்ண சுலபமான வழி: ரைட் கிளிக் பண்ணாம கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூணையும் சேத்து அழுத்துங்க, அதுவும் நியூ ஃபோல்டர்தான். இப்படி போட்டா கிராஷ் ஆகல, மெனு வழியா போனா மட்டும் ஆகுதுன்னா மெனுவுக்குள்ள இருக்கிற ஏதோ ஒண்ணுதான் ஆள். விண்டோஸ் 11-ல முதல்ல வர்ற சின்ன மெனு நல்லா வந்து, "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" குடுத்ததும் விழுந்தா பழைய மாதிரி எழுதின எக்ஸ்டென்ஷன். "நியூ" மேல மவுஸ் வச்சதும் அப்படியே நின்னா, அந்த லிஸ்ட்ல புது வேர்டு, புது எக்செல்னு தன் பேரை சேத்து வச்சிருக்கிற ஏதோ ஒரு சாஃப்ட்வேரோட பதிவு கெட்டுப்போயிருக்கு. அவசர வேலை இருந்தா கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த கன்ட்ரோல் ஷிஃப்ட் என்-னை வச்சே ஓட்டலாம், பில்லிங் நிக்காது.

இனி ஆள் யாருன்னு பாக்கணும். ஸ்டார்ட்ல "ரிலையபிலிட்டி"ன்னு டைப் பண்ணா "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி"ன்னு வரும், திறந்தா தேதி வாரியா சிவப்பு குறி இருக்கும், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் நின்ன வரியை டபுள் கிளிக் பண்ணா "ஃபால்ட் மாட்யூல் நேம்"னு ஒண்ணு காட்டும். அங்க வெளி சாஃப்ட்வேர் பேர் தெரிஞ்சா வேலை முடிஞ்சது, அதை அப்டேட் பண்ணுங்க இல்ல தூக்குங்க. ஆனா அங்க என்டிடிஎல்எல், கெர்னல்பேஸ்னு விண்டோஸோட சொந்த ஃபைல் பேர் வந்தா உடனே விண்டோஸ் கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, எவனோ மெமரியை கெடுத்துட்டு போனா விழற இடம் பெரும்பாலும் அங்கதான் காட்டும்.

அப்படி பேர் தெரியலன்னா நிர்சாஃப்டோட ஷெல்எக்ஸ்வியூன்னு ஒரு இலவச டூல் இருக்கு. அதுல எல்லா எக்ஸ்டென்ஷனும் லிஸ்ட்டா வரும், மைக்ரோசாஃப்டோடதை மறைச்சிட்டு மீதி இருக்கிறதுல பாதியை டிசேபிள் பண்ணுங்க, எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் பண்ணி டெஸ்ட் பண்ணுங்க. சரியாயிடுச்சுன்னா குத்தவாளி அணைச்ச பாதில இருக்கான், இல்லன்னா மீதி பாதில. இப்படியே பாதி பாதியா குறைச்சுக்கிட்டே வந்தா முப்பது நாப்பது எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் அஞ்சாறு தடவைல ஆள் சிக்கிடும். ஒண்ணொண்ணா அணைச்சுக்கிட்டு உக்காந்தா ஒரு மத்தியானமே போயிடும். மைக்ரோசாஃப்டோடது எதையும் அணைக்காதீங்க, மெனுவே காணாம போயி இன்னொரு தலைவலி வரும்.

இன்னொரு சின்ன உதவி, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல வியூ டேப்ல "லான்ச் ஃபோல்டர் விண்டோஸ் இன் எ செப்பரேட் பிராசஸ்"னு ஒரு டிக் இருக்கு. அதை போட்டா ஃபோல்டர் ஜன்னல் விழுந்தாலும் டாஸ்க்பார் விழாது. இது மருந்து இல்ல, ஆனா வேலை செய்யற பொண்ணுங்க பையனுங்க நடுவுல பதறாம இருக்கலாம்.

ஒரே ஒரு சாஃப்ட்வேர்ல சேவ் பண்ணும்போது மட்டும் விழுது

டிடிபி சென்டர், ஸ்டூடியோல இது ஜாஸ்தி. சேவ் ஆஸ் குடுத்து, அந்த சின்ன ஜன்னலுக்குள்ளயே புது ஃபோல்டர் போட்டா டிசைன் சாஃப்ட்வேரே மூடிக்கும், மூணு மணி நேர வேலையோட. சேவ் ஜன்னல்ங்கிறதும் எக்ஸ்ப்ளோரரோட துண்டுதான், அதே எக்ஸ்டென்ஷன்கள் அங்கயும் ஏறும். இதுல கவனிக்க வேண்டியது, பழைய சாஃப்ட்வேர் 32 பிட்டா இருந்தா அதுக்குள்ள 32 பிட் எக்ஸ்டென்ஷன்தான் ஏறும், நீங்க 64 பிட் லிஸ்ட்ல எல்லாத்தையும் அணைச்சாலும் இது விழுந்துக்கிட்டே இருக்கும், அதனால ஷெல்எக்ஸ்வியூல 32 பிட் லிஸ்ட்டையும் தனியா பாருங்க. அதுவரைக்கும் ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரர்ல முன்னாடியே போட்டு வச்சிட்டு சாஃப்ட்வேர்ல சேவ் மட்டும் பண்ணுங்க.

கிராஷ் இல்ல, ஆனா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு

பழைய மேப் டிரைவ் ஏதாவது சிவப்பு எக்ஸ் போட்டு கிடக்குதான்னு முதல்ல பாருங்க. வேலையை விட்டு போனவரோட பிசி, போன வருஷம் எடுத்துட்ட என்ஏஎஸ் (ஆபீஸ் முழுக்க ஷேர் பண்ற நெட்வொர்க் டிஸ்க் பெட்டி)னு ஏதோ ஒண்ணு இன்னும் மேப் ஆகி இருக்கும், குயிக் ஆக்சஸ்ல பின் ஆகி இருக்கும், எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு தடவையும் அதை தேடி போய் பதில் வராம நிக்கும். டிஸ்கனெக்ட் பண்ணுங்க, அன்பின் பண்ணுங்க, பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிடும்.

போட்டோ ஃபோல்டர்னா தம்ப்நெயில் ஒரு காரணம். ஆயிரக்கணக்கான போட்டோ இருக்கிற இடத்துல புது ஃபோல்டர் போட்டா எக்ஸ்ப்ளோரர் மொத்தத்தையும் திரும்ப வரைய பாக்கும். அந்த மெயின் ஃபோல்டரோட ப்ராபர்ட்டீஸ்ல கஸ்டமைஸ் டேப் போய் பிக்சர்ஸ்னு இருக்கிறதை ஜெனரல் ஐட்டம்ஸ்னு மாத்துங்க, ப்ரிவியூ பேனை மூடுங்க. நெட்வொர்க் ஃபோல்டர்ல மறைவா ஒரு தம்ப்ஸ் ஃபைலை விண்டோஸ் எழுதி வைக்கும், அதை ஒரு சிஸ்டம் பிடிச்சிக்கிட்டு இருந்தா இன்னொரு சிஸ்டத்துல ரீநேம், டெலீட் ஆகாது. குரூப் பாலிசில யூசர் கான்ஃபிகரேஷன் பக்கம் ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ங்கிற இடத்துல இதை நிறுத்த ஒரு செட்டிங் இருக்கு, ஹோம் எடிஷன்ல அந்த பாலிசி ஜன்னல் கிடையாது.

காலைல முதல் ஃபோல்டர் மட்டும் லேட்டுன்னா என்ஏஎஸ் டிஸ்க் தூங்கி எழுந்திருக்குது, அதோட செட்டிங்ல ஹைபர்னேஷன் நேரத்தை கூட்டுங்க.

ஒருத்தர் போட்ட ஃபோல்டர் இன்னொருத்தர் ஸ்கிரீன்ல உடனே தெரியலன்னு ஒரு கம்ப்ளைன்ட் வரும். விண்டோஸ் நெட்வொர்க் ஃபோல்டரோட லிஸ்ட்டை 10 செகண்ட் வரைக்கும் ஞாபகத்துல வச்சிருக்கும், அதனால சில செகண்ட் தாமதம் கோளாறு இல்ல. எஃப் 5 அழுத்துங்க. தெரியலன்னு திரும்ப திரும்ப நியூ ஃபோல்டர் குடுத்தா நியூ ஃபோல்டர் 2, 3-ன்னு வரிசையா சேந்துக்கும்.

கேபிளை கடைசியா சொல்றேன், ஆனா நம்ம ஊர்ல இதுதான் பெரிய வில்லன். எடை மேடை ரூம்ல இருந்து ஆபீசுக்கு, கட்டிங் ஷெட்ல இருந்து ஆபீசுக்குன்னு மரத்து மேல, தகர கூரை மேல லேன் கேபிளை இழுத்து விட்டிருப்பாங்க. செம்பு லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை, அதுக்கு மேல இழுத்தா சின்ன ஃபைல் போகும், பெரிய வேலைல அறுந்து அறுந்து வரும். சிசிஏன்னு விக்கிற கேபிள் அலுமினியத்து மேல செம்பு முலாம் பூசுனது, விலை கம்மின்னு அதை நீளத்துக்கு போடாதீங்க, வாங்கும்போது முழு செம்பான்னு கேட்டு வாங்குங்க. இடி மின்னல் அடிக்கிற மாசத்துல ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல செம்பு கேபிள் போட்டா சுவிட்ச் போர்ட்டும் மதர்போர்டும் சேந்து போகும், அந்த இடத்துல ஃபைபர் இழுத்து ரெண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் வைக்கிறதுதான் பத்திரம். இப்ப எந்த ஸ்பீடுல ஓடுதுன்னு அடாப்டர் ஸ்டேட்டஸ்ல பாருங்க, ஜிகாபிட் சுவிட்ச் இருந்தும் 100-ன்னோ 10-ன்னோ காட்டுச்சுன்னா கேபிள், ஜாக் ரெண்டையும் மாத்துங்க.

நீல ஸ்கிரீன் வருது

முதல்ல அந்த ஸ்கிரீன் நிக்கணும். சிஸ்டம் ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரில "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுத்து விடுங்க, அடுத்த தடவை வரும்போது போன்ல போட்டோ எடுங்க. ஆர்டிஆர் ஃபைல் சிஸ்டம்னு வந்தா (கோட் 27) நெட்வொர்க் ஃபைலை கையாளற ரீடைரக்டர் பகுதில அடி விழுந்திருக்கு. கீழ ஃபைல் பேர் எம்ஆர்எக்ஸ்எஸ்எம்பி, ஆர்டிபிஎஸ்எஸ்னு இருந்தாலும் அதே திசைதான். ஆனா அது விழுந்த இடம், தள்ளி விட்டவன் வேற ஆளா இருக்கலாம், நிறைய தடவை அது ஆன்டிவைரஸ்.

ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைல் வேலைக்கும் நடுவுல உக்காந்து பாக்கிற ஒரு ஃபில்டர் டிரைவரை வச்சிருக்கும். ரெண்டு ஆன்டிவைரஸ் ஏறி இருந்தாலோ, பழசை பாதி அழிச்சு பாதி விட்டிருந்தாலோ ஃபோல்டர் உருவாக்கற நொடில மோதிக்கும். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஃப் எல் டி எம் சி-ன்னு டைப் பண்ணா இப்ப ஓடற ஃபில்டர் எல்லாம் வரிசையா வரும், எப்பவோ தூக்கிப்போட்ட ஆன்டிவைரஸ் பேர் அங்க இன்னும் உக்காந்திருந்தா அந்த கம்பெனியோட ரிமூவல் டூலை எடுத்து சுத்தமா துடைங்க, கன்ட்ரோல் பேனல்ல அன்இன்ஸ்டால் பண்றது மட்டும் போதாது.

ரெண்டாவது நெட்வொர்க் கார்டு டிரைவர். மதர்போர்டு கம்பெனி சைட்ல இருந்து உங்க மாடலுக்கு உள்ளதை எடுத்து போடுங்க, "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்ல" போடறேன்னு சொல்ற சாஃப்ட்வேரை தொடவே தொடாதீங்க. போன வாரம் வரைக்கும் நல்லா இருந்து ஒரு அப்டேட்டுக்கு அப்புறம்னா டிவைஸ் மேனேஜர்ல ரோல் பேக் பண்ணி பாருங்க.

மூணாவது ஆஃப்லைன் ஃபைல்ஸ். ப்ரோ எடிஷன் லேப்டாப்ல இது ஆன் ஆகி இருந்தா நெட்வொர்க் ஃபோல்டரோட நகல் உள்ள இருக்கும், அந்த கேஷ் கெட்டுப்போனா அந்த டிரைவ்ல எது பண்ணாலும் விழும். சிங்க் சென்டர்ல போய் டிசேபிள் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. கேஷையே அழிக்க சொல்லி ரெஜிஸ்ட்ரி வழி ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு, சிங்க் ஆகாம லேப்டாப்ல மட்டும் இருக்கிற ஃபைல் அதோட போயிடும், காப்பி எடுக்காம செய்யாதீங்க.

ஒவ்வொரு தடவையும் வேற வேற கோட் வருதுன்னா, சி டிரைவ்ல பெரிய ஃபைல் காப்பி பண்ணாலும் விழுதுன்னா, அது ஃபோல்டர் சமாச்சாரமே இல்ல, ரேம். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஒரு ராத்திரி ஓட விடுங்க. ஸ்கிரீனே வராம ஆஃப் ஆச்சுன்னா ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41 இருக்கும், அதுக்கு அர்த்தம் ஒழுங்கா ஷட்டவுன் ஆகலங்கிறது மட்டும்தான், யுபிஎஸ் பேட்டரி, எஸ்எம்பிஎஸ் (சிபியுவுக்குள்ள இருக்கிற பவர் சப்ளை) ரெண்டையும் மாத்தி வச்சு பாருங்க.

எரர் மட்டும் வருது, ஃபோல்டர் வரல

ஆக்சஸ் டினைடுன்னா ஷேர் பர்மிஷன் (நெட்வொர்க் வழியா வர்றவங்களுக்கு), என்டிஎஃப்எஸ் பர்மிஷன் (டிஸ்க்ல ஃபோல்டர் மேலயே போட்டது) ரெண்டும் தனித்தனி, ரெண்டுல எது இறுக்கமோ அதுதான் செல்லும். நியூ ஃபோல்டர் உருவாகுது ஆனா பேர் மாத்த விடலன்னா உருவாக்கற உரிமை மட்டும் குடுத்திருக்காங்க, ரீநேமுக்கு டெலீட் உரிமையும் வேணும், அதை நிறைய அட்மின்கள் மறந்துடறாங்க.

தமிழ்ல பேர் வைக்கிறவங்க இதை கட்டாயம் தெரிஞ்சிக்கணும். விண்டோஸ்ல ஃபோல்டர் பாதை முழுசுக்கும் பழைய எல்லை 248 எழுத்து, ஃபைலோட சேத்தா 260. ஆனா என்ஏஎஸ் உள்ள ஓடறது பெரும்பாலும் லினக்ஸ், அது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும், ஒரு பேருக்கு 255 பைட். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், கி-ங்கிறது நமக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ககரமும் கொக்கியும் ரெண்டு குறி. கிருஷ்ணகிரின்னு எழுதினாலே 11 குறி, 33 பைட் போச்சு. மொத்தம் 85 குறிதான் இடம். சினாலஜி என்ஏஎஸ்ல என்க்ரிப்ட் பண்ண ஷேர்னா எல்லை இன்னும் கம்மி, 143 பைட்தான், 47 குறிக்கு மேல போகாது. "மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் நிச்சயதார்த்தம் காவேரிப்பட்டணம்"னு பேர் வச்சா அங்கயே எரர்தான். விண்டோஸ் பக்கம் எவ்வளவு நோண்டினாலும் இது சரியாகாது, பேரை சுருக்குங்க, ஊரையும் தேதியையும் உள் ஃபோல்டருக்கு தள்ளுங்க.

விண்டோஸ் 11-ல 24எச்2-ங்கிற வெர்ஷன் வந்ததுக்கு அப்புறம் பழைய என்ஏஎஸ் திறக்கலன்னா, ப்ரோ எடிஷன்ல பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் லாகின் மூடி இருக்கும், சைனிங்கும் (போற வர்ற டேட்டாவை நடுவுல யாரும் மாத்தலன்னு சரிபார்க்கிறது) கட்டாயம். என்ஏஎஸ் ஃபர்ம்வேரை அப்டேட் பண்ணி, ஆளுக்கு ஒரு யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு மேப் பண்ணுங்க. எஸ்எம்பி 1-ங்கிற பழைய ஃபைல் ஷேரிங் முறையை ஆன் பண்ணா ஓடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, 2017 மே மாசம் வான்னாக்ரைங்கிற வைரஸ் உலகம் முழுக்க பரவுனது அதுல இருந்த ஓட்டை வழியாதான்.

எல்லா சிஸ்டமும் ஒரே நேரத்துல தொங்குது

சர்வர் டிஸ்க். இடம் இருக்கா, கோட்டா முட்டிடுச்சா பாருங்க. விண்டோஸ் சர்வர்னா ஈவென்ட் வியூவர்ல டிஸ்க் 7 (பேட் பிளாக்), என்டிஎஃப்எஸ் 55 (ஃபைல் சிஸ்டம் கெட்டிருக்கு) ரெண்டையும் தேடுங்க, என்ஏஎஸ்னா டிஸ்க்கோட ஆரோக்கியத்தை சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்டை பாருங்க. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா செக்டிஸ்க் (விண்டோஸோட டிஸ்க் சரி பண்ற டூல்) ஓட்டறதுக்கு முன்னாடி டேட்டாவை வேற டிஸ்க்குக்கு காப்பி எடுங்க, சாகப்போற டிஸ்க்ல செக்டிஸ்க் ஓட்டினா மிச்சம் இருக்கிறதும் போகும்.

இவ்வளவும் பாத்தும் பிடிபடலன்னா சர்வீஸ் ஆளை கூப்பிடுங்க, ஆனா வெறுங்கையோட கூப்பிடாதீங்க. நீல ஸ்கிரீன் போட்டோ, சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்ல இருக்கிற ஃபைல்கள், எம் டி டெஸ்ட்ல என்ன ஆச்சு, பக்கத்து சிஸ்டத்துல என்ன ஆச்சு, கடைசியா என்ன சாஃப்ட்வேர் ஏத்துனீங்கங்கிறது, இவ்வளவும் முதல்லயே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. வர்றவர் அப்பவும் நேரா பார்மட்னு ஆரம்பிச்சா, ரிலையபிலிட்டி ஹிஸ்டரியை திறந்து காட்டி இதுல எந்த வரின்னு கேளுங்க.